என் கைக்கு எழுந்த கொடி

பந்து வலையில் விழுந்து உருண்டு நின்ற பிறகும் தொம்மை தன் வலது கையை இறக்கவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு மைதானம். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மேலப்பாளையத்து ஆட்கள் கயிற்றைத் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடிவந்து, கோல் போட்ட காஜாவைத் தோளில் தூக்கிவிட்டார்கள். எங்கள் கோல்கீப்பர் புழுதியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். தொம்மை மட்டும் கையைத் தூக்கியபடி, எதிர்க் கோட்டோரம் நின்ற லைன்ஸ்மேனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவருடைய கொடி தொடையோடு ஒட்டிக் கிடந்தது. அது ஏறப்போவதில்லை என்று தெரிந்ததும் தொம்மை மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான்.

இந்தப் பக்கக் கோட்டோரம் தொம்மை அணியின் பயிற்சியாளராகிய நான் நின்றிருந்தேன். என் கையும் மேலேதான் இருந்தது.

என் முழங்கால் போன கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் படித்த வாசகர் ஒருவர் அஞ்சலட்டை போட்டிருக்கிறார். தங்கள் கால்பந்து வாழ்வில் மறக்கவே முடியாத தருணம் எது என்று கேட்டிருக்கிறார். ஏதாவது கோப்பையை எதிர்பார்த்திருப்பார், பாவம். கோப்பைகள் எங்கள் சங்க அறைப் பரணில் இருக்கின்றன. பல்லிகள் அவற்றில் முட்டையிட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கின்றன. எனக்கு மறக்காமல் இருப்பது மேலே சொன்ன இரண்டு கைகள்தான்.

கொடி பிடித்த மச்சான்

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பந்தை முன்னால் தள்ளுகிற நொடியில், அதை வாங்கப்போகிற ஆள் எதிரணியின் கடைசித் தடுப்பாட்டக்காரனையும் தாண்டி நின்றிருந்தால் அது ஆஃப்சைடு. லைன்ஸ்மேன் கொடியைத் தூக்குவார், ரெஃப்ரி விசில் ஊதுவார், ஆட்டம் நின்றுவிடும். கோலே போட்டாலும் செல்லாது.

அந்தக் கடைசித் தடுப்பாட்டக்காரன் நான். ஸ்டாப்பர் பேக். விக்கிரமசிங்கபுரம் தொழிலாளர் அணிக்குப் பன்னிரண்டு வருஷம் ஆடினேன். எனக்கு ஓட்டம் கிடையாது. பத்து எட்டு ஓடினால் மூச்சு இரைக்கும். இதை ஊரில் ஒருவர்கூடக் கண்டுபிடிக்காதது என் பாக்கியம். கண்டுபிடிக்காததற்குக் காரணம் என் வலது கை.

எதிரணி ஆள் என்னைத் தாண்டி ஓடினால் நான் துரத்த மாட்டேன். நின்ற இடத்தில் நின்று கையை உயர்த்துவேன். உடனே கொடி ஏறும், விசில் கேட்கும். எங்கள் மைதானத்தைச் சுற்றிச் சைக்கிளைச் சாத்திவைத்துவிட்டு வேடிக்கை பார்க்கிற கூட்டம் கை தட்டும். "அண்ணாச்சி கையைத் தூக்கிட்டாருன்னா முடிஞ்சுது வே, அதுக்கு அப்பீலே கெடையாது" என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். எதை வைத்து முடிவு செய்கிறீர்கள் என்று கேட்டால், அதெல்லாம் அனுபவம் என்று பாதிக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இதை எழுதும்போது எனக்கே உடம்பு கூசுகிறது.

அந்தக் காலத்து வட்டாரப் போட்டிகளில் ஒரு வழக்கம் இருந்தது. ரெஃப்ரி மட்டும்தான் வெளியாள். லைன்ஸ்மேனை ஆளுக்கு ஒருவராக இரண்டு அணிகளும் கொடுக்க வேண்டும். அவரவர் கோல் இருக்கும் பாதியில் அவரவர் ஆள் கொடி பிடிப்பார். இதை விடப் பெரிய அயோக்கியத்தனத்தை உட்கார்ந்து யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவு அயோக்கியத்தனம் நடந்ததால், அதற்கு நியாயம் என்று பெயர் வைத்திருந்தோம்.

எங்கள் லைன்ஸ்மேன் இசக்கி. என் மனைவியின் அண்ணன். மில்லில் பகல் ஷிப்டு முடிந்ததும் குளித்து, விபூதி பூசி, கொடியோடு வந்துவிடுவார். கொடிகூட என் மனைவியின் பழைய சிவப்புச் சேலையில் கிழித்த துணிதான். ஆஃப்சைடு எங்கள் குடும்பச் சொத்தாக இருந்தது.

என் கைக்கு அந்த ஊரில் இருந்த மரியாதையை இன்னொன்றும் சொன்னால்தான் முழுசாகப் புரியும். திருநெல்வேலி போகிற பஸ்ஸுக்கு நான் ஸ்டாப்பில் போய் நின்றதே இல்லை. எங்கே நின்று கையைத் தூக்கினாலும் கண்டக்டர் ஒற்றை விசில் கொடுப்பார், டிரைவர் பிரேக் போடுவார். "ஸ்டாப்பரு கை காட்டுதாரு, நிறுத்துப்பா." பஸ்ஸில் இருக்கிறவர்களும் தலையை நீட்டிப் பார்ப்பார்கள். நான் அவசரமே இல்லாமல் ஏறுவேன்.

பத்து நாள் சான்றிதழ்

முழங்கால் போன பிறகு பயிற்சியாளரானேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆட முடியாதவனை உட்கார வைக்க எங்கள் சங்கத்தில் வேறு நாற்காலி இல்லை.

பயிற்சியாளர் வகுப்பு ஒன்று மதுரையில் பத்து நாள் நடந்தது. காலையில் மைதானம், மதியம் கறிச்சோறு, சோறு முடிந்ததும் விதிமுறை வகுப்பு. விதிமுறையைப் பன்னிரண்டு வருஷம் நானே நடத்தியிருக்கிறேன், இந்த வாத்தியார் என்ன எனக்குச் சொல்வது என்ற நினைப்பில் பத்து நாளும் பின் வரிசையில் தூங்கினேன். கடைசி நாள் எல்லாருக்கும் ஒரு சான்றிதழும், மாறிய விதிகள் என்று ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளும் கொடுத்தார்கள். சான்றிதழுக்குச் சட்டம் போட்டுச் சங்க அறையில் மாட்டினேன். தாளை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த பெஞ்சின் காலுக்கு அடியில் வைத்தேன். பெஞ்சு ஆடுவது நின்றது. அந்த வகுப்பால் எங்கள் ஊர் கால்பந்துக்குக் கிடைத்த நன்மை அது ஒன்றுதான்.

அந்தத் தாளில் முக்கியமாக ஒரு வரி இருந்ததாம். முன்பெல்லாம் கடைசித் தடுப்பாட்டக்காரனுக்குச் சமமாக நின்றாலே ஆஃப்சைடு. இனிமேல் சமமாக நின்றால் ஆஃப்சைடு இல்லை, தாண்டி நின்றால் மட்டுமே. பெஞ்சுக்கால் அதைப் படித்ததோ என்னவோ, நான் படிக்கவில்லை.

உவரியிலிருந்து வந்தவன்

தொம்மையை உவரிக் கோயில் திருவிழாப் போட்டியில் பார்த்தேன். கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஆடினான். இருபத்துநாலு வயது, ஒல்லி உடம்பு, ஆனால் அப்படி ஒரு ஓட்டம். தன்னைத் தாண்டிப் போனவனை விடவே மாட்டான். அலைக்குள் போன பந்தையும் இடுப்பளவு தண்ணீரில் போய் எடுத்துவந்து ஆடினார்கள். கோடும் கிடையாது, கொடியும் கிடையாது.

ஆட்டம் முடிந்ததும் அவனைக் கூப்பிட்டுப் பேசினேன். பக்கத்தில் நின்ற அவன் கூட்டாளிகள் சிரித்தார்கள். "இவன கூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி. இங்கன இவனால ஒரு பிரயோசனமும் இல்ல. மரத்துல ஏறுனா வாந்தி எடுப்பான்." மரம் என்றது கட்டுமரத்தை. மீனவன் வீட்டுப் பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. கரையைத் தாண்டினால் குடல் வெளியே வருகிற மாதிரி எடுப்பானாம். ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

"எனக்குக் கரையில ஒரு வேல வேணும் அண்ணாச்சி. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றான்.

"எங்கூட வா. ரெண்டு வருசத்துல ஆபீஸ் வேல வாங்கித் தாரேன்" என்றேன். கொடுக்க வக்கில்லாதவன்தான் இவ்வளவு சுலபமாக வாக்குக் கொடுப்பான்.

வந்தான். பகலில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினான், சங்க அறையில் படுத்துக்கொண்டான், சாயங்காலம் ஆடினான். முதல் வாரமே எனக்கும் அவனுக்கும் தகராறு. பயிற்சி ஆட்டத்தில் எதிராளி ஒருவன் பந்தோடு தாண்டிப் போனான். எல்லாரும் நான் சொல்லிக்கொடுத்தபடி கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். தொம்மை மட்டும் ஓடிப் போய், கோல் வாசலில் பந்தைத் தட்டி வெளியே அனுப்பினான்.

"ஏலே, எல்லாரும் நிக்கானுவல்லா, நீ எதுக்குலே ஓடுத?"

"பந்து போகுதே அண்ணாச்சி."

"அது ஆஃப்சைடுலே, கோட்டிக்காரப் பயலே. கையத் தூக்கிட்டு நின்னாப் போதும்."

"கொடி தூக்கலன்னா?"

"தூக்குவாரு."

"தூக்கலன்னா, அண்ணாச்சி?"

அந்தக் கேள்வியைப் பன்னிரண்டு வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்டதில்லை. பதில் தெரியாதவன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். வலது கையை உயர்த்தியபடியே மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடச் சொன்னேன். ஓடினான். மற்றவர்கள் கோட்டோரம் உட்கார்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வாரமும் அப்படியே ஓடவிட்டேன். ஒரு மாதத்தில் தொம்மையும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கப் பழகிவிட்டான். கடற்கரைக் காட்டு ஆட்டத்தைத் திருத்தி அவனை ஆளாக்கிவிட்டதாக டீக்கடையில் பெருமையடித்துக்கொண்டேன்.

மதுரைக் கொடி

இரண்டாவது வருஷம் மாவட்ட அளவிலான போட்டியில் இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். பாளையங்கோட்டையில் ஆட்டம். எதிரணி மேலப்பாளையம். அவர்களுடைய முன்வரிசை ஆள் காஜா, ஒரு பீடிக் கடையில் கணக்கெழுதுகிறவன், கெட்டிக்காரன்.

சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கச் செருப்புக் காலோடு பந்தை உதைத்தார். பந்து நகரவில்லை, செருப்புதான் போனது. எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேன், மாவட்ட அணிக்குப் பயிற்சியாளரை முடிவு செய்கிற பெரியவர்கள் இருவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்களே.

அன்று இரண்டு புதிய விஷயங்கள். ஒன்று, லைன்ஸ்மேன்கள் இருவரும் மதுரையிலிருந்து வந்திருந்தார்கள். கொடியோடு வந்த இசக்கி மச்சானைப் பார்வையாளர் பக்கம் போகச் சொல்லிவிட்டார்கள். மச்சான் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கயிற்றுக்கு வெளியே நின்றார்.

இரண்டாவது, சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஒரு பெரிய அலுவலகத்து அணிக்கு ஆள் எடுக்கிறவர். அவர்களுக்கு ஒரு தடுப்பாட்டக்காரன் வேண்டும். நிரந்தர வேலை, மேஜை நாற்காலி, மாதச் சம்பளம். இடைவேளையில் அவரே என்னிடம் வந்தார்.

"அந்த ஒல்லிப் பையன் நல்லா ஓடுறான் சார். விடவே மாட்டேங்கிறான். மேட்ச் முடிஞ்சதும் பேசலாம்."

இதைத் தொம்மையிடம் போய்ச் சொன்னேன். அவன் ஆரஞ்சுத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். பிறகு தலையைக் குனிந்து சிலுவை போட்டுக்கொண்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஆட்டம் முடியப் பத்து நிமிஷம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. மேலப்பாளையம் நடுவிலிருந்து பந்தை நீளமாகத் தள்ளியது. தொம்மைக்குச் சமமாக நின்ற காஜா பாய்ந்தான். தொம்மையும் உடனே திரும்பி ஓடத் தொடங்கிவிட்டான். நாலு எட்டு வைத்திருப்பான். காஜாவை விட அவனுக்கு வேகம் அதிகம். நிச்சயமாகப் பிடித்திருப்பான்.

நான் கோட்டோரத்திலிருந்து கையைத் தூக்கிக் கத்தினேன். "தொம்ம, கை. கையத் தூக்குலே."

ஓடிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்தான். நின்றான். கையைத் தூக்கினான்.

மிச்சத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

யார் சொல்லிக் கொடுத்தது?

ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். தோற்றதில் எனக்கு இன்று வருத்தம் இல்லை. அதற்குப் பிறகு நடந்த ஒரு நிமிஷம்தான் என்னை விடவில்லை.

பரிசளிப்புக்கு மேஜை போட்டுக்கொண்டிருந்தார்கள். சென்னைக்காரர் என்னிடம் வந்தார். பெரியவர்கள் இருவரும் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர் அன்று காலையில்தான் என் தோளைத் தட்டி, "மாவட்ட டீமு இனிமே ஒம்ம பொறுப்புதான் வே" என்று சொல்லியிருந்தார். மூன்றடி தள்ளித் தொம்மை தரையில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன சார் இது? கொடி ஏறல, விசில் ஊதல. இவனாவே கையத் தூக்கிக்கிட்டு நிக்கிறான். இது யார் சொல்லிக் கொடுத்தது இவனுக்கு?" என்று சென்னைக்காரர் கேட்டார்.

சாதாரணக் கேள்வி. ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம்.

"அது கடற்கரப் பழக்கம் சார்" என்றேன். "ரெண்டு வருசமா நானும் படிச்சுப் படிச்சுச் சொல்லுதேன். கேக்க மாட்டேங்கான்."

தொம்மையின் கை பூட்ஸ் கயிற்றிலேயே நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். மறுத்து ஒரு வார்த்தை சொல்வான் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் நான் சத்தம் போட்டு அவன் வாயை அடைத்திருப்பேன், அதற்கும் தயாராகத்தான் நின்றேன். அவன் மறுபடி குனிந்து கயிற்றை அவிழ்த்தான்.

"ஓடுற பையன்னு நெனச்சேன்" என்றார் சென்னைக்காரர். பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

பெரியவர் எனக்காக வருத்தப்பட்டார். "பயலுவள வச்சு நீரு என்ன செய்வீரு" என்றார். மறுவாரம் நான் மாவட்ட அணிக்குப் பயிற்சியாளர். ஆறு வருஷம் இருந்தேன். எத்தனையோ பொன்னாடை போட்டார்கள். அந்த ஆறு வருஷத்தில் மாவட்ட அணி என்ன கிழித்தது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் இருந்த இடம் அப்படிப்பட்ட இடம்.

வேனில் ஊருக்குத் திரும்பினோம். அம்பாசமுத்திரம் தாண்டியதும் இசக்கி மச்சான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பைய ஆரம்பித்தார்.

"மாப்ள, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது. பன்னண்டு வருசத்துல நான் கோட்டப் பாத்ததே இல்ல. ஒம்ம கையத்தான் பாத்தேன். நீரு தூக்குனா நானும் தூக்குனேன்."

"அப்போ அதெல்லாம் ஆஃப்சைடு இல்லியா வே?"

"எனக்கு என்ன தெரியும்? நீரு பாத்துத்தான் தூக்குதீருன்னு நான் நெனச்சேன்."

நான் என்ன பார்த்தேன்? ஒருவன் என்னைத் தாண்டிவிட்டால் தூக்குவேன். துரத்த முடியாதே. கொடி ஏறியதும், நான் கண்டது சரி என்று நினைத்துக்கொள்வேன். அவர் என்னை நம்பினார், நான் அவரை நம்பினேன், எங்கள் இருவரையும் ஊர் நம்பியது. இதைத்தான் அனுபவம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பின் சீட்டில் தொம்மை ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தான். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. வெட்கம் என்று சொன்னால் அது என்னைப் பெரிய மனிதனாக்கிவிடும். எனக்கு அவனைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. நம்மால் கெட்டுப்போனவன்மேல் நமக்கு வருகிற எரிச்சல் அது, அதை விட அற்பமான ஒன்று கிடையாது.

காலை பஸ்

இரண்டு நாள் கழித்து, சங்க அறையில் அவன் பாய் சுருட்டிவைத்திருப்பதாகவும், பையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டதாகவும் சைக்கிள் கடைக்காரர் வந்து சொன்னார். பூட்ஸைத் துடைத்து பெஞ்சின்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தான். அது சங்கத்துப் பூட்ஸ்.

இப்போது உவரியில் கடலுக்குப் போகிறான். அம்பாசமுத்திரம் சந்தைக்கு மீன் கொண்டுவருகிற அவன் ஊர் வியாபாரி ஒருவர் சில வருஷம் கழித்து இதைச் சொன்னார். வாந்தி நின்றுவிட்டதா என்று கேட்டேன். "எங்க அண்ணாச்சி நிக்கி? தெனமும் எடுக்கான். எடுத்துட்டு, வாயத் தொடச்சுட்டு வலைய இழுக்கான்" என்றார். நான் மீன் வாங்காமல் வந்துவிட்டேன்.

ஆனால் அன்று காலையில் எனக்கு இது எதுவும் தெரியாது. சைக்கிள் கடைக்காரர் சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். என்ன சொல்வது என்று நடக்கும்போதே கோத்து வைத்துக்கொண்டேன். சென்னைக்காரருக்கு இன்றைக்கே கடிதம் போடுகிறேன், அவனுக்குக் கையைத் தூக்கச் சொல்லிக்கொடுத்தது நான்தான் சார் என்று எழுதுகிறேன், நீ இறங்கு என்று சொல்ல வேண்டும். இரண்டு தடவை வாய்க்குள் சொல்லியும் பார்த்தேன். அந்தக் கடிதத்தை நான் கடைசிவரை எழுதவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

திருநெல்வேலி பஸ் வளைவு திரும்பி வந்தது. நான் நின்ற இடம் ஸ்டாப் இல்லை. எனக்கு எப்போது ஸ்டாப் தேவைப்பட்டது? கையைத் தூக்கினேன்.

பஸ் வேகம் குறைந்தது. முன் படிக்கட்டுக்குப் பக்கத்து ஜன்னலில் தொம்மை இருந்தான், மடியில் பை. என்னைப் பார்த்தான். பிறகு திரும்பி, பக்கத்தில் நின்ற கண்டக்டரிடம் ஏதோ சொன்னான். கண்டக்டர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். இரண்டு விசில் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் ஒற்றை விசிலுக்கு வண்டி நிற்கும், இரட்டை விசிலுக்குப் போகும்.

பஸ் போய்விட்டது. அது பாபநாசம் ரோட்டுப் புழுதியை என்மேல் கொட்டிவிட்டுப் போன பிறகும், இன்னொரு விசில் வரும் என்று நான் நின்றுகொண்டிருந்தேன்.

பால்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றி என்னைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, பஸ்ஸு போயிட்டு. இன்னும் கையத் தூக்கிட்டு நிக்கிய?"